உள்ளங்கால் எரிந்தால் எல்லாம் இனிப்பு நீரா?

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பழைய கிள்ளான் சாலை என்று எந்தப் பக்கம் போனாலும், நம்மவர் வீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இரவில் காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருப்பார். உள்ளங்கால் எரிகிறது என்பார், மதமதவென்று இருக்கிறது என்பார், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பார். காரணமும் அவரிடமே தயாராக இருக்கும்: இனிப்பு நீர். இனிப்பு நீர் இல்லாதவர் என்றால் உடம்புச் சூடு, வாயு, வயசு. மருந்துக்கும் குறைவில்லை. முதலில் கோடாலித் தைலம், அப்புறம் விளக்கெண்ணெய், அதற்கும் கேட்காவிட்டால் மருந்துக் கடையில் 'நரம்பு மாத்திரை' என்று சொல்லி வாங்குகிற ஓர் அட்டை மாத்திரை.

இனிப்பு நீர் என்ற சந்தேகம் நியாயமானதுதான். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். நீரிழிவு நரம்பைக் கெடுக்கும், அதிலும் காலைத்தான் முதலில் பிடிக்கும். ஆகவே கால் எரிகிறது என்றதும் சர்க்கரையைப் பார்ப்பது சரி. கோளாறு அதற்கு அடுத்த படியில் வருகிறது. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் 'அதனாலதான்' என்று விசாரணையை அங்கேயே முடித்துவிடுகிறோம். வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே எரிச்சல் வரும், இதே மதமதப்பு வரும். சர்க்கரையால் கெட்டுப்போன நரம்பை மீட்பது கடினம். பி12 குறைவால் கெட்டதை நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மீட்கக்கூடியதைக் கொண்டுபோய் மீட்க முடியாததன் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஏன் காலில் தொடங்குகிறது?

இடுப்புப் பக்கமிருந்து கால் கட்டைவிரல் வரை போகிற நரம்பிழை சுமார் ஒரு மீட்டர் நீளம். உடம்பின் மிக நீண்ட இழைகளில் இதுவும் ஒன்று. அதற்கு வேண்டிய பொருளெல்லாம் முதுகுத்தண்டை ஒட்டியிருக்கிற உயிரணுவில் தயாராகி, அவ்வளவு தூரமும் போய்ச் சேர வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் குழாய் அழுத்தம் குறைந்தால் தொட்டிக்குத் தூரத்திலிருக்கிற வீட்டில்தானே முதலில் தண்ணீர் நிற்கிறது. நரம்பிலும் நுனிதான் முதலில் காய்கிறது. அதனால் நரம்பு முழுவதற்குமான கோளாறுகள், சர்க்கரையோ வைட்டமின் குறைவோ மதுவோ, இரண்டு காலிலும் ஒரே அளவில், விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டாற்போல் மேலே ஏறும். ஒரு காலில் மட்டும், அதுவும் தொடையிலிருந்து இழுக்கிறது என்றால் அது பெரும்பாலும் முதுகெலும்பு அழுத்துகிற கதை. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

பி12 குறைவுக்கு இன்னொரு குணம் உண்டு. நரம்பிழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. அதை நல்ல நிலையில் வைத்திருக்க பி12 வேண்டும். அது குறையும்போது காலுக்குப் போகிற நரம்போடு, முதுகுத்தண்டின் பின்பகுதியும் சேர்ந்து கெடுகிறது. கால் எங்கே இருக்கிறது, விரல் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது அந்தப் பகுதிதான். லண்டனில் ரஸ்ஸல், பேட்டன், காலியர் என்ற மூன்று டாக்டர்கள் 1900லேயே இந்த முதுகுத்தண்டுச் சேதத்தை விவரித்து எழுதிவிட்டார்கள். வைட்டமின் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை.

இதனால் பி12 குறைந்தவர் எரிச்சலோடு தடுமாற்றத்தையும் சொல்லலாம். குளியலறையில் கண்ணை மூடிக்கொண்டு முகத்துக்குச் சோப்புப் போடும்போது உடம்பு சாய்கிறது, சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இருட்டில் மாடிப்படி இறங்கப் பயமாக இருக்கிறது. ஜப்பான் சிலிப்பர் காலிலிருந்து கழன்று நாலடி பின்னால் கிடக்கிறது, போனவருக்குத் தெரியவில்லை. கண் பார்த்துக்கொண்டிருக்கும் வரை கால் சமாளிக்கிறது. கண்ணை மூடினால் சமாளிக்கத் தெரியவில்லை. வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் 'வயசாகுது' என்று தள்ளிவிடாதீர்கள். இதோடு நாக்கு சிவந்து வழவழவென்று ஆவது, மறதி, காரணமில்லாத சோர்வு, கைவிரலிலும் காலிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் மதமதப்பு என்று வந்தால் சந்தேகம் இன்னும் கூடும். சர்க்கரை நரம்புக் கோளாறு பெரும்பாலும் வருஷக்கணக்கில் மெல்ல ஏறும், கைக்குக் கடைசியில்தான் வரும். ஆனால் இதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துவிட முடியாது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். நம்மவர்களில் இரண்டும் சேர்ந்து வருவதற்கு ஒரு குறிப்பிட்ட காரணமே இருக்கிறது.

சர்க்கரை மாத்திரையின் மறுபக்கம்

அரசாங்க கிளினிக்கில் நீரிழிவுக்கு வழக்கமாக முதலில் கொடுக்கிற மாத்திரை மெட்போர்மின். மலிவானது, நன்றாக வேலை செய்வது, பல்லாண்டு அனுபவம் உள்ளது. அது பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது என்பதும் பல்லாண்டாகத் தெரிந்த செய்திதான். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பி12 உள்ளே போகிறது. அதற்குக் கால்சியம் துணை வேண்டும், மெட்போர்மின் அந்த ஏற்பாட்டில் குறுக்கிடுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுக்கு மேல் மெட்போர்மின் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட, இரத்தத்தில் பி12 அளவு 19 விழுக்காடு இறங்கியிருந்தது. 2022இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பி12 குறைவது இந்த மருந்தின் அடிக்கடி காணப்படும் பக்கவிளைவு என்று அறிவித்து, அறிகுறி உள்ளவர்களுக்கு இரத்தத்தைச் சோதிக்கும்படி டாக்டர்களுக்குச் சொன்னது. அளவும் வருஷமும் கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது.

ஆக, பத்து வருஷமாக மெட்போர்மின் சாப்பிடுகிற ஒருவர் கால் எரிகிறது என்று போனால், 'சர்க்கரைதான், கட்டுப்பாடா இருங்க' என்று பதில் வருகிறது. அவரும் தலையாட்டிவிட்டு வருகிறார். சர்க்கரையாக இருக்கலாம். சர்க்கரைக்குக் கொடுத்த மாத்திரையாகவும் இருக்கலாம். ஒரு குழாய் இரத்தம் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மெட்போர்மினை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் சர்க்கரை ஏறும், ஏறிய சர்க்கரை அதே நரம்பை வேகமாகக் கெடுக்கும். பி12 குறைந்திருந்தால் பி12ஐக் கொடுத்தால் போதும், மெட்போர்மின் தொடரலாம்.

நம்மிடையே இன்னொரு மாத்திரையும் அதிகம் புழங்குகிறது. வயிற்றெரிச்சல், ஏப்பம், நெஞ்சு கரிப்பு எல்லாவற்றுக்கும் 'காஸ்ட்ரிக்' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம், அதற்கு ஒமிப்ரசோல் வகை மாத்திரை. உணவிலுள்ள பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை இரண்டு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து எடுப்பவர்களிடம் பி12 குறைவு கூடுதலாகக் காணப்படுகிறது. காலையில் மெட்போர்மின், அதற்கு முன்னால் காஸ்ட்ரிக் மாத்திரை என்று இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சொந்தக்காரர்களையே எண்ணிப் பாருங்கள்.

அமிலம் பிரித்த பிறகும் வேலை முடியவில்லை. வயிற்றுச் சுவர் சுரக்கிற ஒரு புரதம் பி12ஐப் பிடித்துக்கொண்டு குடலின் கடைசி வரை கூட்டிப்போக வேண்டும். சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தப் புரதத்தையும் அதைச் சுரக்கும் அணுக்களையும் அழித்துவிடும். வயிற்றில் பெரிய அறுவை செய்தவர்களுக்கும் எடை குறைக்க வயிற்றைச் சுருக்கிக்கொண்டவர்களுக்கும் அது குறையும். வயதானால் வயிற்றுச் சுவரே மெலிந்து அமிலமும் சுரப்பும் குறைவது சாதாரணம். ஆட்டு ஈரலே சாப்பிட்டாலும் இவர்களில் சிலருக்கு அது ரத்தத்தில் போய்ச் சேராது.

அப்புறம் சைவம். எந்தச் செடியும் பி12ஐத் தயாரிப்பதில்லை. நுண்ணுயிர்கள்தான் தயாரிக்கின்றன, நமக்கு அது மீன், இறைச்சி, முட்டை, பால் வழியாக வருகிறது. வாழையிலைக் கடையில் சைவச் சாப்பாடு போட்டால் கூட்டு, பொரியல், பருப்பு, சாம்பார், ரசம், அப்பளம் என்று இலை நிறைந்திருக்கும். அத்தனையிலும் பி12 இருப்பது கடைசியில் ஊற்றுகிற தயிரிலும் மோரிலும், பால் பாயசம் வைத்தால் அதிலும்தான். தயிர் வேண்டாம் என்று எழுந்துவிட்டால் அந்தச் சாப்பாட்டில் பி12 சுழியம்.

ஆனால் தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்தாலோ புரட்டாசி முழுக்கச் சைவமாக இருந்தாலோ பி12 தீர்ந்துவிடாது. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு வேண்டியது வெறும் 2.4 மைக்ரோகிராம். உடம்பு, பெரும்பாலும் கல்லீரலில், சேர்த்துவைத்திருப்பது 2 முதல் 5 மில்லிகிராம், அதாவது ஆண்டுக்கணக்கில் தாங்குகிற இருப்பு. இந்தப் பெரிய இருப்பால் ஓர் இடைஞ்சலும் உண்டு. இன்று பாலையும் விட்டு முழுத் தாவர உணவுக்கு மாறினாலும், இன்று வயிற்றில் அறுவை செய்தாலும், காலில் மதமதப்பு வருவது மூன்று, நான்கு வருஷம் கழித்து. அதற்குள் ஒன்றையும் இன்னொன்றையும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது.

அரிசி சொன்ன பாடம்

கால் மரத்துப்போவதை வைத்து வைட்டமினைத் தேடிய வரலாற்றில் இந்த ஊருக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் மலாயாவை ஆட்டிவைத்த நோய் பெரிபெரி. கால் மதமதப்பில் தொடங்கும், நடை போகும், கால் வீங்கும், இதயம் நின்று ஆள் போய்விடுவார். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். நெகிரி செம்பிலானில் அரசாங்க டாக்டராக இருந்த பிராட்டன் ஒன்றைக் கவனித்தார். பக்கத்திலேயே வேலை செய்கிற தமிழர்களுக்கு இந்த நோய் அநேகமாக வருவதில்லை. தமிழர் சாப்பிட்டது புழுங்கல் அரிசி, சீனர் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. அவர் 1907இல் இதைப் புத்தகமாகவே எழுதினார், அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்ற முடிவோடு. கண்டது சரி, காரணம்தான் தப்பு.

அதே சமயம் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் இதைச் சோதித்துப் பார்த்தார். 1905 டிசம்பரில் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக எண்ணவிட்டார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டு, அவர்களுக்குப் பழையபடி சயாம் அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குப் பக்கம், அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றே. வார்டில்தான் நோய் ஒட்டியிருக்கிறதோ என்ற சந்தேகம் தீர, ஆண்டின் நடுவில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றினார். ஓராண்டு முடிவில் சயாம் அரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியில் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் 123 பேர், ஒருவரும் அந்த நோயில் சாகவில்லை. அந்தப் பக்கம் நோய் இருந்த இருவரும் வரும்போதே அதோடு வந்தவர்கள். இன்றைக்கு நோயாளிகளை இப்படிச் சோதனைக்கு வைத்தால் யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனாலும் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900இல் தொடங்கியது. அங்கிருந்து பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் ஜெலுபுவில் சாலை போடும் ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே மறுபடி செய்து, 1909இல் அறிக்கை வெளியிட்டார்கள். தீட்டும்போது போகிற தவிட்டில்தான் உயிர் காக்கும் பொருள் இருக்கிறது என்பது உறுதியானது. அந்தப் பொருளுக்குப் பின்னாளில் வைத்த பெயர் வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஊரில் பழகிய சோறு, இங்கேயும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

உள்ளங்கால் எரிச்சலுக்கும் தனி வரலாறு உண்டு. ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரிலும் சயாம் ரயில் பாதையிலும் அடைபட்டிருந்த போர்க்கைதிகளுக்கு இரவெல்லாம் தூங்கவிடாமல் கால் எரிந்ததை அவர்களோடு இருந்த டாக்டர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே பாதைக்குத் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போகப்பட்ட நம்மவர்களைப் பற்றி அப்படி எழுதிவைத்தவர்கள் குறைவு. சேலத்தில் பிறந்த சத்துணவு அறிஞர் சி. கோபாலன் 1946இல் இந்த 'எரியும் கால்' நோயை விவரித்து, பி5 கொடுத்தால் குறைகிறது என்று காட்டினார். இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பெருமையைப் பேசிவிட்டு, 'புழுங்கல் அரிசிக்குத் திரும்பினால் கால் எரிச்சல் போகும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கிளம்பிவிடும். போகாது. இன்றைக்கு நம்மிடம் பரவலாகக் குறைவது பி12. அது எந்த அரிசியிலும் இல்லை. பி1 குறைவை இப்போது முக்கியமாகப் பார்ப்பது சம்சுவும் பீரும் சோற்றுக்குப் பதிலாகிவிட்டவர்களிடம், நாள்கணக்கில் வாந்தி நிற்காதவர்களிடம், சில சிறுநீரக நோயாளிகளிடம். குடிக்கிறவர் கால் எரிகிறது என்றால் மதுவும் நரம்பைக் கெடுக்கும், சாப்பிடாததால் பி1 குறைவும் கெடுக்கும், இரண்டும் கூட்டு.

நரம்பு மாத்திரை என்ற பொது மருந்து

சரி, எந்த வைட்டமின் குறைந்தால் என்ன, எல்லாம் சேர்ந்த மாத்திரையை விழுங்கிவிட்டால் போகிறது என்று தோன்றும். மருந்துக் கடை நரம்பு மாத்திரையில் பொதுவாக பி1, பி6, பி12 மூன்றும் இருக்கும். இதில் வில்லங்கம் பி6. நாளுக்கு வேண்டியது இரண்டு மில்லிகிராமுக்கும் குறைவு. சில நரம்பு மாத்திரைகளில் ஒன்றிலேயே 100, 200 மில்லிகிராம் இருக்கிறது. பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும், அதுவும் காலில் மதமதப்பும் தடுமாற்றமுமாக. மிகப் பெரிய அளவில் விழுங்கியவர்களுக்கு இப்படி ஆனதை 1983லேயே அமெரிக்க டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். குறைந்த அளவிலும் நீண்ட நாள் எடுத்தால் ஆபத்து உண்டு என்று பிறகு தெரிந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் நாளுக்கு 12 மில்லிகிராமை உச்ச வரம்பாக வைத்தது. அமெரிக்கர் வைத்திருப்பது 100. கால் மரத்துப்போகிறது என்று மாத்திரையை ஆரம்பித்து, குறையவில்லை என்று ஒன்றை இரண்டாக்கி, இன்னும் மரத்துப்போகிறது என்று மூன்றாக்கினால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். ஒரு விலக்கு: காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர்களுக்கு பி6 குறையும், அதனால் டாக்டரே கூடச் சேர்த்துக் கொடுப்பார். அதை நிறுத்தக்கூடாது.

இரண்டாவது வில்லங்கம், மாத்திரை விழுங்கிவிட்டுச் சோதனைக்குப் போனால் ரத்தத்தில் பி12 'நல்ல அளவு' காட்டும். உண்மையில் குறைவு இருந்ததா என்பது பிறகு தெரியாமலே போகும். போலிக் அமில மாத்திரையும் இப்படித்தான், பெரிய அளவில் தனியாக எடுத்தால் இரத்தச்சோகையைச் சரிசெய்துவிடும், உள்ளே நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருக்கும். சோதனை முன்னால், மாத்திரை பின்னால்.

கிளினிக்கில் என்ன கேட்பது

அரசாங்க கிளினிக்கில் நீரிழிவுக்காரர்களுக்கு ஆண்டுதோறும் பாதச் சோதனை செய்வார்கள். காலைக் காட்டச் சொன்னால் 'அதெல்லாம் நல்லாதான் இருக்கு' என்று தப்பிக்காதீர்கள். மீன்பிடி நூல் போன்ற ஒரு நைலான் இழையை, அது வளைகிற வரை, உள்ளங்காலில் அங்கங்கே அழுத்துவார்கள். வளையும்போது 10 கிராம் அழுத்தம். அது தெரியவில்லை என்றால் கல்லோ ஆணியோ குத்துவதும் தெரியாமல் போகும் நிலை வந்துவிட்டது. பி12 சந்தேகத்துக்கு இதைவிடப் பயனுள்ளது இசைக்கவை. அதைத் தட்டி, அடிப்பகுதியைக் கட்டைவிரல் எலும்பில் வைப்பார்கள். 'அதிருதா? நின்னதும் சொல்லுங்க' என்பார் டாக்டர். நாம் நின்றுவிட்டது என்று சொன்னதும் அதை எடுத்துத் தம் விரலில் வைத்துப் பார்ப்பார். அவருக்கு இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த வித்தியாசம்தான் செய்தி. பிறகு காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வார். பிடித்துக்கொள்ள ஓர் ஆள் பக்கத்தில் நிற்பார்.

இரத்தச் சோதனையில் பி12 தானாக வராது, தனியாக எழுத வேண்டும். 'எனக்கு மெட்போர்மின் இத்தனை வருஷம், காஸ்ட்ரிக் மாத்திரை இத்தனை வருஷம், பி12 பார்க்கலாமா டாக்டர்' என்று கேட்டுவிடுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பொதுவாக ஒரு லிட்டருக்கு 148 பிகோமோலுக்குக் கீழே என்றால் குறைவு. அதற்குச் சற்று மேலே, 220 வரை, இரண்டுங்கெட்டான். அறிகுறி இருந்தால் 'நார்மல்' என்ற அச்சை நம்பி விட்டுவிடக் கூடாது, வேறு இரண்டு பொருள்களை அளந்து உறுதிப்படுத்த வழியிருக்கிறது.

'இரத்தம் நல்லா இருக்கு, சோகை இல்லை, அதனால் பி12 குறைவு இருக்காது' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1988இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் பி12 குறைவால் நரம்புக் கோளாறு வந்த 141 பேரில் 40 பேருக்குச் சோகையும் இல்லை, இரத்த அணு பெருக்கவும் இல்லை. நம் பெண்களிடம் இன்னொரு குழப்பம் சேர்கிறது. பி12 குறைந்தால் சிவப்பணு பெரிதாகும். இரும்புச்சத்து குறைந்தால் சிறிதாகும். இரண்டும் குறைந்தால் ஒன்றை ஒன்று சமன்செய்து, அறிக்கையில் அளவு சரியாகவே இருக்கும். தலசீமியா மரபணு உள்ளவர்களுக்கும் அணு இயல்பிலேயே சிறியது, இதே கதைதான். போகிற போக்கில் தைராய்டு, சிறுநீரகம், கொடுக்கிற மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் டாக்டர் பார்ப்பார். தோலில் நிறம் வெளுத்து உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள், தொழுநோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை. கால் வலுவிழப்பு நாள்கணக்கில் மேலே ஏறினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ கிளினிக் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மரத்த காலோடு வாழும்போது இரண்டு பழக்கங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, எரிச்சல் தணிய வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைப்பது. சூடு தெரியாத காலுக்கு அந்தச் சூடு எவ்வளவு என்று யார் சொல்வது? முழங்கையைவிட்டுப் பார்க்காமல் காலை வைத்துக் கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. இன்னொன்று வெறுங்காலில் நடப்பது. பத்துமலையில் 272 படி, பினாங்கு தண்ணீர்மலையில் ஐந்நூற்றுக்கு மேல். படியைவிட மோசம் அதற்கு முன்னால் நடக்கிற தார்ச்சாலை, அதுவும் தைப்பூச மதியத்தில். நேர்த்திக்கடனை விடுங்கள் என்று சொல்ல நான் யார்? விடியலுக்கு முன் நடந்து முடித்துவிடுங்கள், வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், நரம்பு ரொம்பவே போய்விட்டது என்று டாக்டர் சொன்னால் வேறு வேண்டுதலாக மாற்றிக்கொள்ள முருகனிடமே அனுமதி கேளுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை குறைவு. கெம்போங், மத்தி, நெத்திலி எல்லாவற்றிலும் பி12 தாராளம், சார் கொய் தியாவ் மேலே போடுகிற கெராங் சிப்பியிலும் அப்படியே. முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம், ஒரு குவளைப் பாலில் ஒன்றுக்குச் சற்று மேல். தெம்பே, கடல்பாசி, ஸ்பைருலினா, புளித்த இட்லி மாவு இவற்றில் பி12 இருப்பதாகச் சொல்வதை நம்பி இருந்துவிட வேண்டாம். கடல்பாசி வகைகளில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி. பாலும் தொடாதவர் மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ எடுத்தே ஆக வேண்டும், இதற்கு மாற்று கிடையாது.

குறைவு உறுதியானால் நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்கு வழக்கமாக ஊசிதான், முதலில் அடுத்தடுத்த நாள்களில், பிறகு இடைவெளி விட்டு. நரம்பு பாதிக்காத, லேசான குறைவுக்கு 1000 மைக்ரோகிராம் மாத்திரை போதும். 2.4 போதும் என்கிற இடத்தில் 1000 எதற்கு என்றால், வயிற்றுப் புரதத்தின் துணையில்லாமல் தானாகவே குடலில் கசிந்து உள்ளே போவது நூற்றுக்கு ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கே அன்றாடத் தேவையைத் தாண்டிவிடும். இரத்தம் சில வாரங்களில் தேறிவிடும். நரம்பு அப்படியில்லை. ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், ஆறு மாதம், ஒரு வருஷம் வரை தேறிக்கொண்டே வரும். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டதென்றால் கொஞ்சம் மதமதப்பு தங்கிவிடலாம். சிலருக்கு ஊசி தொடங்கிய முதல் சில வாரங்களில் எரிச்சல் கூடவும் செய்யும். 'மருந்து ஒத்துக்கல' என்று அந்த நேரத்தில் விட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும். மெட்போர்மின் தொடர்கிறவர்களும் வயிற்றுப் புரதம் இல்லாதவர்களும், எரிச்சல் அடங்கிய பிறகும் பி12ஐ நிறுத்தாமல், டாக்டர் சொல்கிற இடைவெளியில் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.